ஓரலையிற் பல நிகழ்ச்சிகள்: வானொலிக் கிளை வரிசைகளின் செலவும் பயனும்

வானொலி நிலையம் நடத்துவோர்க்கு ஆதிநாள் தொட்டே ஒரு குறை இருந்து வருகின்றது. ஒருவர்க்கு ஓர் அலைவரிசை அளிக்கப்பட்டால் அதன்கண் ஒரு நேரத்தில் ஒரு நிகழ்ச்சியே செல்லும். செய்தி சொன்னால் சங்கீதப் பிரியர் விலகுவர். சங்கீதம் வைத்தால் செய்தி விரும்புவோர் முகஞ்சுளிப்பர். ஆதலின் ஒரே அலையில் இரண்டு மூன்று நிகழ்ச்சிகளை ஏற்றி, வேண்டுவோர் வேண்டியதைப் பொறுக்கிக் கேட்குமாறு செய்ய இயலுமோ என்னும் ஆசை இத்தொழிலாளரைப் பல்லாண்டாகப் பற்றியிருந்தது. எண்முறை வானொலி, அதாவது டிஜிட்டல் ரேடியோ, அவ்வாசையை நிறைவேற்றிவிட்டது என்பர். கருவிகளை விற்பவர்கள் ஒருபடி மேலே சென்று, பிரதான நிகழ்ச்சியை எண்முறைக்கு மாற்றியவனுக்குக் கிளை வரிசைகள் இலவசமாகக் கிடைத்த ஆதாயம் என்றும் கூறுவர். அவை இலவசமல்ல என்பதே நம் கருத்து. ஆயினும் கொடுக்கும் விலைக்குத் தக்க பயனை அவற்றினின்றும் பெறக்கூடியவர் சிலர் உளர். அவர் யாவர் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்கு இது தக்க காலம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இலாபங் கருதாத பொது வானொலி நிலையங்கள் பல, மத்திய அரசாங்கத்தின் பொருளைப் பொது ஒலிபரப்புக் கழகத்தின் வாயிலாகப் பெற்று வந்தன. 2025 ஜூலையில் அந்நாட்டுக் காங்கிரஸ் இரண்டாண்டுகளுக்கென முன்னரே ஒதுக்கியிருந்த ஏறக்குறைய 110 கோடி டாலரைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மறு மாதமே அக்கழகம் தன் அலுவல்களை முடித்துக்கொள்ளத் தொடங்குவதாக அறிவித்தது. முன்னாளில் பல நிலையங்கள் எண்முறைக் கருவிகளை வாங்கியதே அக்கழகத்தின் நன்கொடையால். இப்போது எதை நிறுத்துவது, எதைக் காப்பது என்று கணக்குப் பார்க்கும் நிலையத் தலைவரின் கண்ணில் முதலிற் படுவது கிளை வரிசையே. கேட்போர் சிலரேயுள்ள ஒரு பொருளை வெட்டுவது எளிது. அவ்வாறு வெட்டுவது எப்போதும் நியாயமா என்பதே வினா.

கிளை ஒலி என்னும் எண்ணம் எண்முறையோடு பிறந்ததன்று. 1955இல் அமெரிக்க மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம் பண்பலை நிலையங்கள் தம் அலையின் மேலோரத்தில் துணை அலையொன்றைச் சுமந்து செல்லலாம் என்று அனுமதித்தது. அக்காலத்தில் பண்பலைக்கு நேயர் மிகக் குறைவு. விளம்பரதாரர் அதனை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. துணை அலையை வாடகைக்கு விட்டு, கடைகளிலும் உணவு விடுதிகளிலும் மெல்லென ஒலிக்கும் பின்னணி இசையை அதன்வழி அனுப்பிப் பெற்ற பணமே பல பண்பலை நிலையங்களுக்கு உயிர்ப்பிச்சையாயிற்று. பின்னர் 1969இல் மின்னெசோட்டா மாநிலத்தில் கண்பார்வையற்றோர்க்காக நூல்களையும் செய்தித்தாள்களையும் படித்து ஒலிபரப்பும் சேவை துணை அலையிலே தொடங்கிற்று. இவ்விரண்டு உதாரணங்களையும் நேயர்கள் நினைவிற் கொள்ளுதல் நலம். முதலாவதில் பணந்தருவோன் ஒருவன் முன்னரே இருந்தான். இரண்டாவதில் கேட்போர் இன்னாரென்பது முன்னரே தெரிந்திருந்தது. அவர்க்கெனத் தனிப் பெட்டியும் வீட்டிற்கே கொடுக்கப்பட்டது. இவ்விரண்டில் ஒன்றேனும் இன்றித் தொடங்கப்பட்ட துணை அலை நெடுநாள் நின்றதாக நாம் காணவில்லை.

இனி எண்முறைக்கு வருவோம். அமெரிக்காவில் 2002 அக்டோபரில் அங்கீகரிக்கப்பட்ட முறை எச்.டி. ரேடியோ என வழங்குவது. ஐபிக்விட்டி என்னும் கம்பெனி அதனை இயற்றியது. அக்கம்பெனி 2015இல் டி.டி.எஸ். என்பாரால் வாங்கப்பட்டு, இன்று எக்ஸ்பெரி என்பாரின் கைக்கு வந்திருக்கின்றது. இம்முறையின் சிறப்பு, புதிய அலைவரிசை எதுவும் வேண்டாமை. பழைய பண்பலை ஒலி நடுவிலே செல்ல, அதன் இருமருங்கிலும் எண்முறைக் குறிகள் மெல்லிய கரைகள்போல ஒட்டிச் செல்லும். பழைய பெட்டி பழைய ஒலியையே கேட்கும். புதிய பெட்டி கரைகளிலுள்ள எண்களை எடுத்து ஒலியாக்கும். அக்கரைகளிற் சாதாரணமாக ஒரு விநாடிக்குச் செல்லக்கூடியது ஏறக்குறைய 96 கிலோபிட். அதை முழுதும் பிரதான நிகழ்ச்சிக்கே கொடாமற் பகுத்துக் கிளைகளுக்கும் கொடுக்கலாம் என்பதைத் தேசியப் பொது வானொலி என்னும் நிறுவனம், ஹாரிஸ், கென்வுட் என்னும் கம்பெனிகளுடன் சேர்ந்து சோதித்துக் காட்டிற்று. 2007இல் ஆணையம் பொது விதியொன்றை வகுத்து, தனி அனுமதியின்றியே கிளை வரிசைகளை நடத்தலாம் என்றது. எச்.டி.1 என்பது பிரதான நிகழ்ச்சியின் பிரதி, எச்.டி.2, எச்.டி.3 என்பன கிளைகள்.

செலவுக் கணக்கை எடுத்துக்கொண்டால், முதலில் வருவது உரிமைக் கட்டணம். இம்முறை தனியொரு கம்பெனியின் சொத்தாதலின், பிரதான வரிசைக்கு ஒருமுறை கட்டணமும், கிளை வரிசைக்கு அதனால் வரும் கூடுதல் வருவாயில் நூற்றுக்கு மூன்று வீதம் ஆண்டுதோறும் கட்டணமும் செலுத்துதல் வேண்டும் என்பது ஏற்பாடு. வருவாயே இல்லாவிடினும் குறைந்தபட்சத் தொகை ஒன்று உண்டு. பணம் பெரிதன்றாயினும், காற்றில் ஒலி பரப்பும் உரிமைக்கு அரசாங்கத்தினிடம் ஒரு முறையும், அதனைப் பரப்பும் வகைக்குத் தனியார் ஒருவரிடம் ஒரு முறையும் கைகட்டி நிற்கும் நிலை நமக்கு உவப்பாயில்லை. இது போகட்டும்.

உண்மையான செலவு கருவியிலும் மின்சாரத்திலும் உள்ளது. இதனை மாணவர்கள் எளிதிற் கணக்கிட்டறியலாம். ஒரு நிலையத்தின் ஏரியலுக்கு 20 கிலோவாட் பண்பலைச் சக்தி செல்கின்றது எனக் கொள்வோம். தொடக்க விதிப்படி எண்முறைச் சக்தி அதில் நூற்றிலொரு பங்கு, அதாவது 200 வாட். இருநூறு வாட் என்ன பெரிது என்று தோன்றும். ஆயின் பழைய பரப்பியும் புதிய பரப்பியும் ஒரே ஏரியலைப் பகிர்ந்துகொள்ள, இரண்டையும் இணைக்கும் கருவி ஒன்று இடையில் வேண்டும். முற்காலத்தில் மிகுதியாக வழங்கிய இணைப்புக் கருவி, பண்பலையில் பத்திலொரு பங்கையும், எண்முறையில் பத்தில் ஒன்பது பங்கையும் ஏரியலுக்கு விடாமல் வெப்பமாக்கிவிடும். ஆகவே 200 வாட் ஏரியலை அடைய 2,000 வாட் உண்டாக்கவேண்டும். 20 கிலோவாட் பண்பலை ஏரியலை அடைய 22 கிலோவாட்டுக்குச் சற்று மேல் உண்டாக்கவேண்டும். இரண்டிலும் வீணாவது சேர்ந்து ஏறக்குறைய 4 கிலோவாட். இரவும் பகலும் ஓர் ஆண்டு ஓடினால் 35,000 யூனிட்டுக்கு மேல் அறையைச் சுடச்செய்து மறைந்துபோகின்றது. பரப்பிக்குள்ளேயே நேரும் நஷ்டத்தையும், அவ்வறையைக் குளிர்விக்கும் செலவையும் இதில் நாம் சேர்க்கவில்லை.

இது நூற்றிலொரு பங்கின் கணக்கு. அச்சக்தி போதவில்லை என்பது சில ஆண்டுகளிலே வெளிப்பட்டது. கட்டடங்களுக்குள்ளும் நகரத்தின் எல்லைப்புறத்திலும் எண்முறை ஒலி நிற்கவில்லை. ஆதலின் 2010 ஜனவரியில் ஆணையம் அதனை நூற்றுக்கு நான்காகவும், அண்டையிலுள்ள நிலையங்களுக்கு இடையூறில்லாத இடங்களில் நூற்றுக்குப் பத்து வரையும் உயர்த்தலாம் என்றது. மேற்சொன்ன நிலையம் நூற்றுக்கு நான்கை விரும்பினால் அதே இணைப்பு முறையில் 8 கிலோவாட் எண்முறைப் பரப்பி வேண்டும், அதில் 7.2 கிலோவாட் வீண். இத்தகைய கணக்கு கண்டு அஞ்சியே பலர் இணைப்புக் கருவியை விட்டொழித்து, இரண்டு ஒலியையும் ஒருங்கே பெருக்கும் புதுவகைப் பரப்பியை வாங்கினர். சிலர் எண்முறைக்கென வேறோர் ஏரியலை நிறுத்தினர். ஆயின் ஒருங்கே பெருக்கும் பரப்பி அளவிற் பெரிதாக இருத்தல் வேண்டும்; தன் முழு வலிமையையும் காட்ட இயலாதபடி அடங்கி வேலை செய்யும் யானைபோன்றது அது. சிறிய நிலையத்துக்கும் முதற்செலவு பல பதினாயிரம் டாலர்; பெரியதாயின் இலட்சத்தையும் கடக்கும்.

இவ்விடத்திற் கருவி விற்போர் ஒரு நியாயம் சொல்வர்: 'இச்செலவெல்லாம் பிரதான நிகழ்ச்சியை எண்முறையாக்கியதற்கு, கிளைக்கென்று தனியே ஆகும் செலவு ஒரு கணினியும் சிறு கட்டணமும் மட்டுமே' என்று. சென்ற செலவை மறந்து இனி ஆகும் செலவை மாத்திரம் பார்ப்பது பொருளாதார நூலார்க்கு உடன்பாடே. ஆயினும் அப்பிரதான ஒலியின் நேயர் எண்முறையால் என்ன பெற்றனர்? பண்பலையின் ஒலி முன்னரே செவிக்கு இனிதாயிருந்தது. எண்முறைப் பிரதி சிறிது தெளிவு மிகுந்தது. அதற்கென்று புதுப்பெட்டி வாங்குவோர் அரியர். எனவே இம்முதலீட்டை நியாயப்படுத்தும் பாரம் முழுவதும் கிளைகளின் தோளிலேயே விழுகின்றது. பாரத்தை அதன்மேல் ஏற்றியபின், அதன் செலவு சொற்பம் என்று சொல்வது கணக்காகாது.

கிளைக்கு இயற்கையான ஒரு பலவீனமும் உண்டு. பிரதான நிகழ்ச்சியின் எண்முறை ஒலி அறுந்தால் பெட்டி உடனே பழைய பண்பலை ஒலிக்கு மாறிக்கொள்ளும். கேட்போர் அதை அறியவும் மாட்டார். இவ்வாறு இரண்டும் ஒத்து நடப்பதற்காகவே பண்பலை ஒலியை ஏறக்குறைய எட்டு விநாடி தாமதித்து அனுப்புகின்றனர். (பந்தாட்ட மைதானத்தில் அமர்ந்து வானொலி வருணனையையும் கேட்பவர்க்கு இத்தாமதம் பெருந்தொல்லை, ஆட்டக்காரன் ஓடி முடித்தபின் பந்து அடிக்கப்பட்டது என்று பெட்டி சொல்லும். அதனால் ஆட்ட நேரத்தில் எண்முறையையே நிறுத்திவைத்த நிலையங்களும் உண்டு. அப்போது பாவம், கிளைகளும் மௌனமாகிவிடும்.) கிளை வரிசைக்கோ விழுந்தால் தாங்கப் பழைய ஒலி ஒன்றும் கீழே இல்லை. அலை தேய்ந்த இடத்தில் அது ஒலி குன்றுவதன்று, முழுதும் நின்றுவிடுவது. பாலத்தின்கீழ்ச் சென்ற வண்டியில் பாட்டு பாதியில் அற்று, சில விநாடி கழித்து மீள்வதை இரண்டு முறை பொறுத்த நேயர், மூன்றாம் முறை வேறு வரிசைக்குத் திரும்பிவிடுவர்.

வியாபார நிலையங்கள் கிளைகளை நடத்திய வரலாறு சுவையானது. 2005 டிசம்பரில் பெருங் கம்பெனிகள் பல ஒன்றுகூடிக் கூட்டணியொன்று அமைத்தன. ஒரே ஊரில் இருவர் ஒரே வகை இசையைக் கிளையில் வையாதபடி தம்முள் பங்கிட்டுக்கொண்டன. சில காலம் கிளைகளில் விளம்பரமே இல்லை என்றும் ஏற்பாடு செய்தன. மக்களைக் கவரும் பொருட்டுச் செய்த இவ்வேற்பாடு, வருவாய் தேடவேண்டிய பருவத்தில் வருவாயைத் தாமே விலக்கியதாயிற்று. விளம்பரமின்றி நடத்தும் வரிசைக்கு அறிவிப்பாளரை யார் நியமிப்பர்? கணினியில் இசைத்தட்டுகளை நிரப்பிவிட்டுக் கதவைச் சாத்தினர். மனிதக் குரலில்லாத அவ்விசைப்பெட்டியைக் கேட்க நூறு இருநூறு டாலர் கொடுத்துப் புதுப்பெட்டி வாங்குமாறு பொதுமக்களை வேண்டினர். மக்கள் வாங்கவில்லை. வீட்டுப் பெட்டிகள் இன்றும் அருமை. எச்.டி. ரேடியோவை ஒருவாறு காத்தது மோட்டார் வண்டி. பிற்காலத்தில் அமெரிக்காவில் விற்கும் புதிய வண்டிகளிற் பாதிக்கு மேற்பட்டவற்றில் இப்பெட்டி தானே வந்து அமர்ந்தது. ஆயின் அதே வண்டியில் கைப்பேசி இசையும் வந்து அமர்ந்துவிட்டது என்பதையும் சொல்லவேண்டும்.

பின்னர் நேர்ந்ததை விதியின் விளையாட்டு என்பதோ, வியாபாரியின் சாமர்த்தியம் என்பதோ, நேயர்களே முடிவு செய்க. அமெரிக்காவில் மறு ஒலிபரப்பி என்று சிறு பண்பலை நிலையங்கள் உண்டு. 250 வாட்டுக்கு மேற்படாதவை. அவை தாமாக நிகழ்ச்சி தொடங்குதல் கூடாது. பிற நிலையத்தின் ஒலியையே திரும்பச் சொல்லவேண்டும். ஒரு பெரிய நிலையத்தின் எச்.டி.2 என்பதும் 'பிற நிலையத்தின் ஒலி' என்னும் சொல்லுக்குள் அடங்குமன்றோ? ஆகவே யாரும் கேளாத கிளையில் ஒரு நிகழ்ச்சியை ஏற்றி, அதனை மறு ஒலிபரப்பி வழியே பழைய பண்பலைப் பெட்டிகளுக்கு அனுப்பினால், லைசென்ஸ் ஏலத்திற் போகாமலே நகரத்தின் நடுவில் ஒரு புதுப் பண்பலை நிலையம் கிடைத்துவிடும். அட்லாண்டா முதலிய பல நகரங்களில் இவ்வழக்கம் பரவிற்று. அந்நிலையங்கள் தம் பெயராக விளம்பரப்படுத்துவது மறு ஒலிபரப்பியின் எண்ணையே. கிளையின் பெயர் சட்டத்தின் திருப்திக்காக ஒருமுறை விரைந்து சொல்லப்படும். கிளை வரிசைகளிற் பணம் ஈட்டியவை பெரும்பாலும் இத்தகையனவே. இருபதாம் நூற்றாண்டின் பெட்டிக்கு ஒலி சேர்ப்பதற்காகவே இருபத்தோராம் நூற்றாண்டின் கருவி ஊதியம் பெறுகின்றது. நாம் இதனைக் குற்றம் என்று சொல்லவில்லை. சிறுபான்மையோர் மொழிகளில் நடக்கும் நல்ல நிலையங்களும் இவ்வழியில் தோன்றியதுண்டு. ஆயின் இதனை எண்முறையின் வெற்றி என்று எண்ணுவது தவறு.

கிளைகளைப் பெருக்கப் பெருக்க ஒலி மெலிவதும் உண்டு. 96 கிலோபிட்டை இரண்டாக்கினால் 48. சங்கீதத்துக்கு அது போதும். நான்காக்கினால் 24, பேச்சுக்குப் போதும், வீணைக்கும் வயலினுக்கும் போதாது. செவ்வியல் இசைக்கென்றே கிளை தொடங்கிய நிலையம், வாடகை ஆசையால் மூன்றாங் கிளையையும் சேர்த்து அவ்விசையைத் தகரத் தட்டில் விழுந்த மழையோசை ஆக்குவது அறிவுடைமையன்று.

இணையத்தின் வழியே ஒலி அனுப்பலாமே, இக்கருவியெல்லாம் எதற்கு என்று கேட்கப்படும். நல்ல வினா. இணையத்தில் ஏரியலும் வேண்டாம், வெப்பமும் இல்லை, உலகெங்கும் கேட்கலாம். ஆயினும் ஒரு வேற்றுமையைப் பலர் கருதுவதில்லை. அமெரிக்கச் சட்டப்படி காற்றில் ஒலிபரப்பும் நிலையம் பாட்டை இயற்றியோர்க்குக் கட்டணம் செலுத்துமேயன்றி, இசைத்தட்டிற் பாடியோர்க்கும் தட்டை வெளியிட்டோர்க்கும் செலுத்துவதில்லை. இணையத்தில் ஒலிபரப்புவோன் அவர்களுக்கும் செலுத்தியாக வேண்டும். பாடியவர்க்குப் பணம் சேராதது நீதியா என்பது வேறு வழக்கு. நம் மனம் பாடகர் பக்கமே. கணக்களவில், காற்றிற் செல்லும் கிளைக்கு ஒருவர் கேட்டாலும் ஓரிலட்சம் பேர் கேட்டாலும் செலவு ஒன்றே. இணையத்திலோ கேட்போர் மிகுந்தால் செலவும் மிகும். மேலும் காற்றலைக்கு மாதச் சந்தா இல்லை. ஏழை நேயர்க்கும் முதியோர்க்கும் அது சிறு பொருளன்று. புயலிலும் வெள்ளத்திலும் கைப்பேசிக் கோபுரங்கள் வாய்மூடியபோது வானொலி பேசியதைப் பல நாட்டார் கண்டிருக்கின்றனர்.

பிரிட்டனின் அனுபவம் வேறு வகைத்து. அங்கே டாப் என வழங்கும் முறையில் ஒரு பரப்பி விநாடிக்கு ஏறக்குறைய 1,150 கிலோபிட்டைச் சுமக்கும். பல நிலையங்கள் அதனைப் பங்கிட்டு வாடகை கொடுக்கும். தேர் ஒன்று, ஏறிச் செல்வோர் பலர். இதில் மின்சார வீண் குறைவு. ஆயின் தேருக்குச் சொந்தக்காரன் கேட்ட வாடகை சிறியோரால் தாங்கற்பாலதாயில்லை. 1999இல் தொடங்கிய டிஜிட்டல் ஒன் என்னும் நாடளாவிய வியாபாரத் தேரிற் பெரும்பங்கு உடைய ஜிகேப் கம்பெனியே, 2008இல் இது கட்டுப்படியாகாது என்று தன் பங்கை விற்க முடிவு செய்து, ஜாஸ் இசைக்கென நடத்திய தன் எண்முறை நிலையத்தை மூடிற்று. இரண்டாம் தேரை ஓட்ட 2007இல் உரிமை பெற்ற சானல் 4 கூட்டத்தினர் அடுத்த ஆண்டே கைவிட்டனர். அவ்வாறிருந்தும் இன்று அந்நாட்டில் வானொலி கேட்கும் நேரத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் டாப் வழியே செல்கின்றது. காரணம் பி.பி.சி. 1995 முதல் நட்டத்தைப் பாராது தொடர்ந்து நடத்தியமையும், வீட்டுப் பெட்டிகள் மலிந்தமையுமே. செலவைக் குறைத்தவர் ஆஃப்காம் ஆணையத்தின் பொறியாளர் ரஷீத் முஸ்தபா என்பவர். விலையுயர்ந்த கருவிகள் செய்த வேலையைச் சாதாரணக் கணினியில் இலவச மென்பொருள் கொண்டே செய்யலாம் என்று காட்டினார். 2015இல் பத்து இடங்களிற் சோதனை நடந்தது. 2019இல் அதற்கெனச் சட்ட விதியும் வந்தது. ஒரு நகரத்தளவான சிறு தேர்கள் இன்று சமுதாய நிலையங்களை ஏற்றிச் செல்கின்றன. அமெரிக்க முறையில் இத்தகைய மலிவு தோன்றாமைக்கு, அது ஒரு கம்பெனியின் பூட்டுக்குள் இருப்பதும் ஒரு காரணம் என்பது நம் துணிபு.

ஆயின் வெட்டுக் கத்தியை எடுத்திருக்கும் பொது நிலையத் தலைவர் செய்யத்தக்கது யாது? கருவி முன்னரே வாங்கப்பட்டுவிட்டது, அப்பணம் மீளாது. அவர் பார்க்கவேண்டியன, கிளையை நிறுத்தினால் மிஞ்சும் தொகையும், அதனாற் குரலிழப்போர் யாவர் என்பதும். எச்.டி. முழுவதையும் அணைத்தாலன்றி மின்சாரச் செலவு பெரிதும் குறையாது. ஒரு கிளையை மாத்திரம் நிறுத்துவதால் மிஞ்சுவது கட்டணமும் நிகழ்ச்சிச் செலவும் மட்டுமே. பகல் முழுதும் செய்தியும் பேச்சும் என்று மாறிய பல பொது நிலையங்கள், முன்பு தாம் ஒலிபரப்பிய செவ்வியல் இசையைக் கிளைக்குப் பெயர்த்தன. அந்நேயரிற் பலர் அந்நிலையத்துக்கு நன்கொடை கொடுப்போரும் ஆவர். அவர்க்கு உரியதை வெட்டி அவரிடமே கையேந்துவது நகைப்புக்கிடம். கண்பார்வையற்றோர்க்குப் படித்துக் காட்டும் சேவை சில ஊர்களிற் பழைய துணை அலையினின்றும் எச்.டி. கிளைக்கு மாறியிருக்கின்றது. அதைப் படிப்போர் தொண்டர், செலவு சொற்பம், 24 கிலோபிட்டே போதும். கிளை வரிசைகளில் இறுதிவரை காக்கத்தக்கது ஒன்று உண்டென்றால் அதுவே என்போம். புலம்பெயர்ந்தோர் மொழியில் நிகழ்ச்சி நடத்துவோர் வாடகை தந்து கிளையை எடுக்குமிடத்தும் அஃது இருவர்க்கும் நன்மை. மற்றபடி, அறிவிப்பாளருமின்றி, ஊர்ப்பெயரும் சொல்லாது, வேறெங்கோ நிரப்பிய பாட்டுக்களைச் சுழற்றும் கிளைகளை நாளையே அணைத்தாலும் அழுவாரில்லை. அப்படிப்பட்ட ஒன்றைக் காப்பதற்காகச் செய்தி சேகரிப்போர் ஒருவரை வேலையினின்றும் நீக்குவது பெரும்பிழை.

நம் நாட்டில் இவ்விஷயம் இப்போதுதான் வாயிலை எட்டுகின்றது. அகில இந்திய வானொலி மத்திய அலையில் டி.ஆர்.எம். என்னும் வேறு எண்முறையைக் கைக்கொண்டு முப்பத்தைந்து பரப்பிகளை அதற்கேற்ப அமைத்தது. சில மோட்டார் வண்டிகளிலன்றி அதனைக் கேட்கும் பெட்டி நம் கடைவீதிகளிற் காண்பது அரிது. 2025 அக்டோபரில் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் தனியார் பண்பலை நிலையங்களுக்காகச் செய்த பரிந்துரையில், சென்னை உள்ளிட்ட 13 பெருநகரங்களில் பழைய ஒலி ஒன்றும், எண்முறை ஒலி மூன்றும், தகவல் வரிசை ஒன்றும் ஒரே அலைவரிசையிற் செல்ல இடந்தருமாறு கூறிற்று. மூன்று எண்முறை ஒலியில் ஒன்று பழையதன் பிரதியாயின் மற்ற இரண்டும் நாம் இதுகாறும் பேசிய கிளைகளே. ஒரே வகைத் திரைப்பாட்டை மூன்று முறை கேட்பதற்கு அவை பயன்படுமோ, அன்றிக் கருநாடக இசைக்கும், பார்வையற்ற மாணவர்க்குப் பாடநூல் படிப்பதற்கும், 2004இல் அண்ணா பல்கலைக் கழகம் தொடங்கிவைத்தது போன்ற கல்லூரி வானொலிக்கும் ஓர் இடம் கிட்டுமோ அறியோம். லைசென்ஸ் விதிகளை எழுதுவோர்க்கு நம் வேண்டுகோள் இரண்டு: மூன்று வரிசைகளையும் நிரப்பியே தீரவேண்டும் என்று நிலையத்தாரைக் கட்டாயப்படுத்தாதிருத்தல் ஒன்று, நிரப்ப இயலாதவர் தம் மூன்றாம் வரிசையை இலாபங் கருதாதார்க்கு நியாயமான வாடகைக்கு விடுமாறு விதித்தல் மற்றொன்று. பெட்டியின் விலை ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய்க்குள் அடங்கும் வரையில், பண்பலையை நிறுத்தும் பேச்சையே எடாதிருப்பார்களாக.